தீர்ப்பு எழுதியாச்சு, இனி வழக்கு தேடணும்

ஏளா தாயி, நீ வச்சிட்டுப் போன ரெண்டு தாளையும் வாசிச்சேன். ‘மாணவர்களின் ஒழுக்க விழுமியங்களை மேம்படுத்துவதில் சமயம் சார்ந்த பள்ளிகளின் பங்கு: திருநெல்வேலி மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு.’ அடேங்கப்பா! தலைப்பு முடியுறதுக்குள்ள எனக்கு ரெண்டு தடவை மூச்சு வாங்கிச்சு. நீ எம்.எட். படிக்கே, நான் எட்டாங்கிளாஸோட வயக்காட்டுக்குப் போனவன். நான் சொல்லுததை நீ கேக்கணும்னு சட்டம் ஒண்ணும் கிடையாது. ஆனா இப்போ கரண்டு இல்ல, உன் போன்ல சார்ஜும் இல்ல. உக்காரு.

முதல்ல ஒரு சந்தேகம். மேம்படுத்துதுன்னு தலைப்புலயே சொல்லிட்டியே, பொறவு எதுக்குளா ஊர் ஊரா அலையப் போறே? பஸ் சார்ஜாவது மிச்சமாகும். அன்னைக்கு உன்கூட வந்தானே கண்ணாடி போட்ட பையன், அவன் தலைப்பையும் கேட்டேன்: ‘சமயப் பள்ளிகளால் மதச்சார்பின்மைக்கு நேரும் சவால்கள்.’ நீ மாலையோட கெளம்புதே, அவன் கம்போட கெளம்புதான். பள்ளிக்கூடத்துக்குள்ள எட்டிப் பாத்தது ரெண்டு பேருமே இல்ல. தீர்ப்பை எழுதி மடியில வச்சுக்கிட்டு வழக்குத் தேடுதீய. ‘இல்லை’ன்னு பதில் வர்றதுக்கு இடமே வைக்காத கேள்வியைக் கொண்டுபோய் ஆண்டு விழா மேடையில வாசி. பொன்னாடை கூடக் கிடைக்கும்.

கேள்வித்தாளையும் பாத்தேன். ‘எங்கள் பள்ளி எனக்கு நேர்மையைக் கற்றுத் தருகிறது.’ பக்கத்துல அஞ்சு கட்டம், முற்றிலும் உடன்படுகிறேன்ல ஆரம்பிச்சு முற்றிலும் உடன்படவில்லை வரைக்கும். இதைப் பிள்ளைய கையில கொடுக்கப் போறது யாரு? கிளாஸ் டீச்சர். எங்க வச்சு? அதே கிளாஸ்ல. ஒம்பதாங்கிளாஸ் பையன் முதல் கட்டத்துல வரிசையா டிக் அடிச்சிட்டு கபடிக்கு ஓடிருவான். நேர்மையைப் பத்திக் கேட்டே ஒருத்தனைப் பொய் சொல்ல வைக்கியே, அதுக்குத் தனித் திறமை வேணும்.

அதுக்குப் பொறவு வழக்கமான சாங்கியம். ஆண் பெண் வேறுபாடு உண்டா, நகரம் கிராமம் வேறுபாடு உண்டா, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, சுயநிதிப் பள்ளின்னு வேறுபாடு உண்டா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு இன்மைக் கருதுகோள், ரெண்டு வகைன்னா ஒரு டி-டெஸ்ட், மூணு வகைன்னா ஒரு எஃப்-டெஸ்ட். ஆணுக்கும் பெண்ணுக்கும் நேர்மையில வேறுபாடு இல்லைன்னு நீ கண்டுபிடிச்சா உனக்குப் பட்டம். உண்டுன்னு உங்க பாட்டி அம்பது வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கா, அவளுக்கு ஒரு சர்டிபிகேட்டும் கிடையாது.

சரி, கோவிச்சுக்காத. தண்ணி குடி. சமயம் சார்ந்த பள்ளிங்கியே, அது எது? பாளையங்கோட்டையில பஸ்ஸை விட்டு இறங்கு. டி.டி.டி.ஏ. பள்ளிக்கூடம் இருக்கு, சேசு சபைச் சாமிமார் சவேரியார் பள்ளி இருக்கு, கன்னியாஸ்திரிமார் கான்வென்ட் இருக்கு. மேலப்பாளையத்துல முஸ்லிம் பள்ளிக்கூடம். பாலத்தைத் தாண்டினா பாரதியார் படிச்ச இந்து காலேஜ் பள்ளிக்கூடம். இது போக, வாசல்ல ‘செயிண்ட்’னு பேர் எழுதியிருக்கும், உள்ள போனா தாளாளர் ரூம்ல திருச்செந்தூர் முருகன் படம், பன்னீர் இலை விபூதி. அரிசி மில் முதலாளி நடத்துற பள்ளிக்கூடம் அது. புனிதர் பேர் வச்சா அட்மிஷன் கூடும்னு யாரோ சொல்லியிருக்கான். அதை எந்தக் கட்டத்துல போடுவே? அதுலயும் ஒரு நல்ல கேள்வி கிடக்கு: சாமி கும்பிடுறது ஒரு பக்கம், பேர்ப்பலகை இன்னொரு பக்கம்னு இருக்கிற இடத்துல, அப்பா அம்மா எதை நம்பிப் பணம் கட்டுதாவ?

பழைய கதையைக் கொஞ்சம் பாரு. 1820-ல ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தாரு. அவரு காலத்துல இருந்து நம்ம பக்கத்துக் கிராமங்கள்ல கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கூரைக்குள்ளதான். உபதேசியாருக்கு நாயித்துக்கிழமை ஜெபம், திங்கக்கிழமை வாய்ப்பாடு. இங்கிலாந்தை விட்டு இந்தப் பக்கம் ஒரு நாளும் வராத சாரா டக்கர் அம்மா பேர்ல இங்க பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பொறவு 1895-ல காலேஜ். ஆஸ்க்வித் அம்மா கண் தெரியாத பிள்ளைகளுக்கு ஆரம்பிச்சாவ. சுவைன்சன் அம்மா 1897-ல காது கேளாத பிள்ளைகளுக்கு ஆரம்பிச்சாவ. நாசரேத்துல மர்காஷிஸ் ஐயர் 1878-ல தச்சு, தையல்னு தொழிற்பள்ளியே வச்சாரு. இவ்வளவையும் ‘ஒழுக்க விழுமியம்’ங்கிற ஒத்தை டப்பாவுக்குள்ள அமுக்குதியே, மூடி மூடுமாளா?

பணக் கதை இதைவிட ருசி. 1854-ல உட் துரை அறிக்கை வந்தது. அரசாங்கம் மதத்துல தலையிடாது, ஆனா ஒழுங்கா நடத்துற எந்தப் பள்ளிக்கும் மானியம் தரும்னு ஆச்சு. அன்னைக்குப் போட்ட முடிச்சு இன்னும் அவிழல. இன்னைக்கு உதவி பெறும் பள்ளியில வாத்தியார் சம்பளம் கோட்டையில இருந்து வருது. வாத்தியாரை நியமிக்கிறது நிர்வாகம். காலையில ஜெபம் பண்ணுற வாய்க்கு மாசக் கடைசியில கருவூலம் படி அளக்குது. அப்போ அந்த வாத்தியார் யாரோட ஆளு? இதை அவருகிட்ட நேரா கேட்டேன்னா காபி கொடுத்து அனுப்பிருவாரு. ஆனா அவரு நாளை எப்படிப் பங்கு போடுதாருன்னு ஒரு வாரம் கூட இருந்து பாரு. எந்த விழாவுக்கு யாரைக் கூப்பிடுதாரு, எந்த லீவுக்கு யாருகிட்ட எழுதிக் கொடுக்காரு, சபைத் தேர்தல் வந்தா ஸ்டாஃப் ரூம்ல யாரு யாருகூடப் பேச மாட்டேங்கா. சேகரம், டயோசிஸ், டி.இ.ஓ. ஆபீஸ்னு மூணு எசமான் இருக்கிற ஒரு மனுசன் கிடைச்சிருக்காரு. அவரை விட்டுட்டு ஒம்பதாங்கிளாஸ் பையனைப் பிடிச்சிருக்கே.

இப்போ ஒரு சங்கதி சொல்லுதேன், உன் கைடுகிட்ட மெதுவாப் போட்டுப் பாரு. ஒரே நிர்வாகம் உதவி பெறும் தமிழ் மீடியம் பள்ளி ஒண்ணு வச்சிருக்கும், அதே தெருவுல இங்கிலீஷ் மெட்ரிகுலேஷன் ஒண்ணும் வச்சிருக்கும். சாமி ஒண்ணு, சிலுவை ஒண்ணு, தாளாளர் கூட சில இடத்துல ஒருத்தரே. ஒண்ணுல சத்துணவு, இன்னொண்ணுல வேன் ஃபீஸ். சமயம்தான் பிள்ளையை வளக்குதுன்னா ரெண்டுலயும் ஒரே மாதிரில்லா வளக்கணும்? அப்படி வளக்கா? தமிழ்ப் பள்ளியில ஜெபம் எவ்வளவு நேரம், மெட்ரிக்ல எவ்வளவு நேரம்? ரிசல்ட் நெருங்கும்போது நீதிபோதனை பீரியடைக் கணக்கு வாத்தியார் எங்க மொதல்ல பிடுங்குதாரு? நான் பந்தயம் கட்ட மாட்டேன், எனக்கே பதில் தெரியாது. எனக்குத் தெரியாதது, உனக்குத் தெரியாதது, உன் கைடுக்கும் தெரியாதது. ஆய்வுக்கு உக்காரணும்னா அந்த மாதிரி இடத்துலதான் உக்காரணும்.

‘மிஷன் பள்ளியில படிச்ச பிள்ளைக ஒழுங்கா இருக்காவ, மார்க்கும் நல்லா எடுக்காவ, அதைக் காட்டப் போறேன்’னு அன்னைக்குச் சொன்னியே. நீ போட்டுட்டுப் போன ஜெராக்ஸ் கட்டுலயே அதுக்குப் பதில் இருக்கு. தெரியாத இடத்தை உன் தம்பியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அமெரிக்காவுல ஜேம்ஸ் கோல்மனும் கூட ரெண்டு பேரும் 1982-ல ஒரு புத்தகம் போட்டாவ. கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைக அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட நல்லாப் படிக்காவன்னு சொன்னாவ. உடனே பிடிச்சது சண்டை. அங்க சேருற பிள்ளை யாரு, வீட்டுல அக்கறை உள்ள பிள்ளைதானே, சரிப்படாதவனை வெளிய அனுப்பிரலாமே, அப்புறம் என்ன பள்ளிக்கூடத்துப் பெருமைன்னு கேட்டாவ. நியாயமான கேள்விதான். விதைநெல்லைப் பொறுக்கி எடுத்து விதைச்சிட்டு, அறுக்கும்போது உரக் கம்பெனிக்காரன் மார்தட்டுனா நாம ஒத்துக்கிடுவோமா?

அதுக்காக உரமே வேலை செய்யலைன்னும் சொல்லிர முடியாது பாத்துக்கோ. 1993-ல பிரைக், லீ, ஹாலந்துன்னு மூணு பேரு அந்தப் பள்ளிகளுக்குள்ளயே போய்ப் பாத்தாவ. ஏழைப் பிள்ளை பணக்காரப் பிள்ளைன்னு பிரிக்காம எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே பாடம், வாத்தியாரும் பிள்ளையும் ஒரு கூட்டமாப் பழகுறதுன்னு காரணம் சொன்னாவ. பொறவு 2005-ல அல்டோஞ்சி, எல்டர், டேபர்னு மூணு பொருளாதாரக்காரங்க, சேருற பிள்ளைகளே வேற மாதிரிங்கிறதையும் கணக்குல கொண்டுவந்து சலிச்சுப் பாத்தாவ. பள்ளிப் படிப்பை முடிக்கிறதுல நல்ல பலன் தெரியுது, பரீட்சை மார்க்குல பெருசா ஒண்ணும் தெரியலைன்னு வந்தது. கவனிச்சியா? மார்க்குல இல்ல, படிப்பை விடாம இருக்கிறதுல. இந்த ஒரு வித்தியாசத்துக்கு இருபத்து மூணு வருஷம் சண்டை போட்டிருக்காவ. நீ ஒரு செமஸ்டர்ல ரெண்டையும் ஒண்ணாக் கட்டித் தூக்கப் பாக்கே.

என் கதைக்கு வாரேன். எங்கப்பன் சுடலைமாடன் கோயில் பூசாரி, உனக்குத் தெரியும். நான் படிச்சது மிஷன் பள்ளிக்கூடம். வேதபாடப் போட்டியில மனப்பாட வசனத்துக்கு முதல் பரிசு யாருக்குன்னு நெனைக்கே? பூசாரி மகனுக்கு. உபதேசியார் மகன் ரெண்டாவது. அவன் வீட்டுல அன்னைக்கு ராத்திரி நடந்ததை நான் சொல்ல மாட்டேன். இன்னைக்கும் கொடை அன்னைக்கு வில்லுப்பாட்டு தொடங்குறதுக்கு முந்தி சும்மா உக்காந்திருந்தேன்னா வாய் தானா ஒரு சங்கீதத்தை முணுமுணுக்கும். மாடன் கோவிச்சதாத் தெரியல. நான் மதம் மாறவும் இல்ல, மாறாமலும் இல்ல. உன் அஞ்சு கட்டத்துல எனக்கு எந்தக் கட்டம், சொல்லு? உனக்குக் கேள்வி அங்கதான் இருக்கு. அந்தப் பள்ளிகள்ல வேற சாமி கும்பிடுற பிள்ளைக நிறைய. காலை ஜெபத்துல எல்லாரும் கண்ணை மூடும்போது, மூடாத பிள்ளை என்ன பாத்துக்கிட்டிருக்கு? எதைப் பாடுது, எந்த வரியில வாயை மட்டும் அசைக்குது? கிறிஸ்தவப் பிள்ளைக வேதபாடத்துக்குப் போனதும் மிச்சப் பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பும்பாவ. அதுல நீதி யாரு போதிக்கா, இல்ல ஹோம்வொர்க்தான் ஓடுதா?

இதுக்குச் சட்டமே இருக்கு. அரசியல் சட்டத்துல 28-வது பிரிவு, மூணாவது உட்பிரிவு. அரசு அங்கீகாரமோ அரசுப் பணமோ வாங்குற பள்ளிக்கூடத்துல, சம்மதம் இல்லாம எந்தப் பிள்ளையையும் மத போதனையிலயோ வழிபாட்டுலயோ கலக்கச் சொல்லக் கூடாது. பிள்ளை மைனர்னா காப்பாளர் சம்மதம் வேணும். எங்கப்பன்கிட்ட யாரும் சம்மதம் கேட்டு வரல. வந்திருந்தா, ‘பய வீட்டுல சும்மா திரியாம எதையாவது படிக்கட்டும்’னு கைநாட்டு வச்சிருப்பாரு. அதுவும் சம்மதம்தான், ஆனா அது என்ன வகைச் சம்மதம்? நீ அந்தத் தாளைத் தேடு. எந்தப் பள்ளியிலயாவது அப்படி ஒரு தாள் இருக்கா? இல்லைன்னா, சம்மதம் இருக்குன்னு எல்லாரும் எதை வச்சு நெனைச்சுக்கிடுதாவ? அட்மிஷன் ஃபாரத்துல எங்கயாவது பொடி எழுத்துல கிடக்கா? இப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டு ஒரு தாலுகாவைச் சுத்தி வா. உன் வைவாவுல வெளி ஊர் எக்ஸாமினர் தூங்க மாட்டாரு.

கேரளத்துல 1985-ல மூணு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பினாவ. யெகோவா சாட்சிகள் வீட்டுப் பிள்ளைக. தேசிய கீதத்துக்கு மரியாதையா எந்திரிச்சு நிக்கும், பாடாது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைக பக்கம் தீர்ப்புச் சொல்லி, திரும்பச் சேக்கச் சொல்லிட்டு. பிஜோ இம்மானுவேல் வழக்குன்னு சட்டப் புத்தகத்துல இருக்கு. பாடாம நின்ன பிள்ளையோட மௌனம் டெல்லி வரைக்கும் போயிருக்கு. உன் ஆய்வுல மௌனத்துக்கு ஒரு கட்டமும் இல்ல.

சட்டம்னு வந்ததுனால இன்னொண்ணு. கல்வி உரிமைச் சட்டப்படி உதவி பெறாத தனியார் பள்ளிக்கூடம் நுழைவு வகுப்புல 25 சதவீத இடத்தை நலிஞ்ச வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கணும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாதுன்னு 2014-ல பிரமதி வழக்குல தீர்ப்பு. அது சரிதானான்னு சந்தேகப்பட்டு, 2025 செப்டம்பர்ல ரெண்டு நீதிபதி அமர்வு ஒண்ணு பெரிய அமர்வு பாக்கணும்னு சொல்லியிருக்கு. அதே தீர்ப்புலதான், சிறுபான்மைப் பள்ளி அல்லாத இடத்து வாத்தியாருக்கு டெட்ங்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம்ங்கிற விவகாரமும். டீக்கடையில நம்ம வாத்திமாரு மூஞ்சியைப் பாத்தாலே தெரியும், யாரு சிறுபான்மைப் பள்ளி, யாரு இல்லைன்னு. சிறுபான்மை அந்தஸ்துங்கிறது சாமி விவகாரம் மட்டும் இல்ல, இடக் கணக்கு, வேலைக் கணக்கு, காசுக் கணக்கும்தான். இதைத் தொட்டேன்னா நாலு பேரு உன்னை முறைப்பாவ. முறைச்சா முறைக்கட்டும்.

கண்ணாடிக்காரப் பையனுக்கும் ஒரு தீனி போடுதேன். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்துல பெர்சிவல் பாதிரியார் பள்ளிக்கூடத்துல படிச்சு, அங்கயே வேலை பாத்து, பைபிள் மொழிபெயர்ப்புக்கும் கை கொடுத்தவரு. அங்க இருந்து வெளிய வந்து 1848-ல வண்ணார்பண்ணையில சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினாரு, 1864-ல சிதம்பரத்துலயும் ஒண்ணு. மிஷனை எதிர்க்க வந்த மனுசன் அச்சுக்கூடம் வாங்கி, பாலபாடம் எழுதி, வகுப்புப் பிரிச்சுப் பள்ளிக்கூடம் நடத்தினாரு. எதிரிகிட்ட சண்டையும் வாங்கிக்கிட்டாரு, தொழிலும் வாங்கிக்கிட்டாரு. சமயப் பள்ளிக ஒண்ணைப் பாத்து ஒண்ணு எதையெல்லாம் எடுத்துக்கிட்டுதுங்கிற கேள்விக்கு அங்க இருந்து தொடங்கலாம். மிரட்டல், சவால்னு கத்துற பையனுக்கு அது கொஞ்சம் சிரமமான வேலைதான்.

வேலை பாக்குற விதத்தைப் பத்தியும் சொல்லிருதேன், உன் பாட்டி சாப்பிடக் கூப்பிடுறதுக்கு முந்தி. அமெரிக்காவுல ஆலன் பெஷ்கின்னு ஒரு பேராசிரியர். யூதரு. அவரு போய் ஒரு கடுமையான கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துல ஒன்றரை வருஷம் உக்காந்து பாத்து 1986-ல புத்தகம் எழுதினாரு. அவருக்குப் பிடிக்காத இடம், அவரைப் பிடிக்காத இடம். அப்படி இருந்தும், அங்க இருந்தவங்க நெனைப்பை அவங்க பக்கத்துல இருந்து சொன்னாரு, தன் மனசு எங்க உறுத்துச்சுங்கிறதையும் மறைக்கல. நீ என்ன பண்ணப் போறே? நீ படிச்ச பள்ளிக்கூடத்துக்கே போய், உனக்கு மிட்டாய் கொடுத்த சிஸ்டர்கிட்டயே ‘உங்கள் பள்ளியின் சிறப்பு யாது?’ன்னு கேப்பே. அவ்வோ நூற்றாண்டு மலரைத் தூக்கிக் கையில கொடுப்பாவ. நீ அதைத் தட்டச்சு பண்ணி ‘நேர்காணல் தரவு’ன்னு போடுவே. அங்க போகாதன்னு சொல்லல. போனா, அந்த மிட்டாயையும் ஆய்வேட்டுல எழுதிரு. நீ உள்ளாளா வெளியாளான்னு வாசிக்கிறவன் தெரிஞ்சுக்கிடட்டும்.

இனி கேள்வியை எழுது பாப்போம். பேனா இருக்கா? ‘ஒரே நிர்வாகத்தின் உதவி பெறும் தமிழ்ப் பள்ளியிலும் மெட்ரிக் பள்ளியிலும் காலை வழிபாடும் நீதிபோதனை வகுப்பும் எப்படி நடக்கின்றன? நிர்வாகத்தின் சமயத்தைச் சேராத பிள்ளைகள் அவற்றில் எதில் கலக்கிறார்கள், எதில் ஒதுங்குகிறார்கள்? அதற்குச் சம்மதம் என்று யார் எதைக் கருதுகிறார்கள்?’ பாத்தியா, மேம்பாடும் இல்ல, அச்சுறுத்தலும் இல்ல, ஒழுக்கமும் இல்ல. மூச்சும் வாங்கல. பதில் எந்தப் பக்கம் விழும்னு உனக்கும் தெரியாது, தாளாளருக்கும் தெரியாது. மாவட்டம் முழுக்க வேண்டாம், ரெண்டு பள்ளிக்கூடம் போதும். மாதிரி அளவு பத்தலைன்னு உன் கைடு குதிப்பாரு. எண்ணுற வேலை வேற, பாக்குற வேலை வேறன்னு பணிவாச் சொல்லு. குரலை உசத்தாத, உள்மதிப்பீடு அவரு கையில இருக்கு.

டி.இ.ஓ. கிட்ட ஒரு அனுமதி, நிர்வாகத்துகிட்ட ஒரு அனுமதி, பெத்தவங்க சம்மதம், பிள்ளை சம்மதம், நாலையும் எழுத்துல வாங்கு. சம்மதத்தைப் பத்தி ஆய்வு பண்ணுறவ சம்மதம் வாங்காமப் போனா ஊர் சிரிக்கும். தலைமை ஆசிரியரைப் பாக்குறதுக்கு முந்தி ரிட்டையர் ஆன பியூனைப் பாரு. பழைய சேர்க்கைப் பதிவேடு எந்த அலமாரியில கிடக்குன்னு அவருக்குத்தான் தெரியும். மணி அடிச்ச மனுசனுக்கு ஜெபம் எத்தனை மணிக்கு முடிஞ்சதுன்னும் தெரியும். அவருக்கு வெத்தலை வாங்கிட்டுப் போ, மிட்டாய் வேண்டாம், சுகர் இருக்கு.

என்கிட்டயும் பேட்டி எடுக்கணும்னா தாராளமா எடு. சம்மதத் தாள் மட்டும் கொண்டா, வாசிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். கைடு இதெல்லாம் எங்க இருந்து பிடிச்சேன்னு கேட்டா, எங்க தாத்தா சொன்னாருன்னு உளறிராத. தொடர்புடைய ஆய்வுகளை மீள்நோக்கினேன்னு சொல்லு, உடனே ஒத்துக்கிடுவாரு.